இருபத்துநாலு என்று எழுதிய மட்டை

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்க் கோயில் பங்கின் ஆண்டு மலருக்கு, ஓய்வுபெற்றவர்கள் தங்கள் தொழிலைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போன வருடம் பஸ் ஓட்டிய ஒருவரும், முதியோர் இல்லத்தில் வேலைக்கு நின்ற ஒரு அக்காவும் எழுதினார்கள். என்னிடம் கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். ஆனால் போன மாதம், முன்பு வேலை செய்த டென்னிஸ் மண்டபத்துக்கு ஒருக்கால் போய்வந்தேன். அங்கே ஒரு புது இயந்திரம் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க ஏலவில்லை.

என் வேலை டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவது. "அதுக்கும் ஒரு ஆளோ?" என்று சனம் கேட்கும். ஓம், அதுக்கும் ஒரு ஆள் வேணும். நல்ல விளையாட்டுக்காரர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நரம்பை அறுத்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் இத்தனை கிலோ இறுக்கம் என்று ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குக் கட்டி, மட்டையின் கழுத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, அதில் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

புது இயந்திரம் அந்த எண்ணைத் தானே அச்சடித்துத் தருகிறது. எவ்வளவு இழுத்ததோ அதுதான் துண்டில் வரும். என் இடத்துக்கு வந்திருக்கும் நூரா என்ற பிள்ளை அதை எனக்குக் காட்டிவிட்டு, "இனி ஒருத்தரும் பொய் எழுதேலாது, அன்ரன்" என்று சிரித்தாள். அந்தோனி என்ற என் பெயர் அந்த மண்டபத்தில் அன்ரன்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சிரிக்கவில்லை.

நான் மன்னாரிலிருந்து வந்தவன். முதலில் நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் ஏழு குளிர்காலம். பிறகு கலியாணம், ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் வீடு, இந்த மண்டபத்தில் நிலம் துடைக்கும் வேலை. நரம்பு கட்டுகிற மனிதர் ஒரு தை மாதம் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். மண்டபப் பொறுப்பாளர் கூன்வோர் என்ற பெண், துடைப்பக்கட்டையோடு நின்ற என்னைப் பார்த்து, "உன்ர கை நடுங்காது. வா" என்று கூப்பிட்டா. அவ்வளவுதான் என் பயிற்சிக்கு விண்ணப்பம்.

கூன்வோர் பழக்கிய முறையை இன்றைக்கும் நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். பழைய நரம்பை வெட்டும்போது நடுவில் தொடங்கி வெளியே போகவேண்டும், நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி. ஒரு பக்கத்தை முதலில் வெட்டினால் மட்டை மற்றப் பக்கம் கோணிவிடும். பிறகு சட்டத்தை ஆறு இடத்தில் பூட்டி, நெடுக்கு நரம்பை நடுவிலிருந்து இடம் ஒன்று, வலம் ஒன்று என்று இழுக்கவேண்டும். குறுக்கு நரம்பு ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே. ஒவ்வொரு இழுவைக்கும் இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்து கவ்வியைப் பூட்டவேண்டும். அவசரப்பட்டால் அந்த அவசரம் நரம்பில் தெரியும்.

கூன்வோர் என்னைவிடப் பத்து வயது மூத்தவ. மண்டபத்துக்குள்ளும் கம்பளித் தொப்பி போட்டிருப்பா. அவ சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் கோப்பித் தெர்மோசோடு வருவா. நான் கட்டித் தொங்கவிட்ட மட்டைகளில் ஒன்றை எடுத்துக் காதுக்குக் கிட்டப் பிடித்து, நகத்தால் நரம்பில் ஒரு தட்டு. இறுக்கம் எவ்வளவு என்று அந்தச் சத்தத்திலேயே அவவுக்குத் தெரியும். பிறகுதான் பிளாஸ்டரில் எழுதிய எண்ணைப் பார்ப்பா. சரியென்றால் திரும்பத் தொங்கவிடுவா. பிழையென்றால் மட்டையை என் மேசையில் வைத்து, அதன் மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போய்விடுவா. வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டு என்று அர்த்தம். முதல் வருடம் என் மேசையில் கத்தரிக்கோல் இல்லாத நாள் குறைவு.

ஒரு விதியை மட்டும் வாய் திறந்து சொன்னா. "எண் விளையாடுறவையின்ர. எங்கட இல்லை. பிழையான எண் கேட்டால் வாயால சொல்லு, அன்ரன். கையால சொல்லாதை."

அந்த விதியை நான் ஒருமுறைதான் மீறினேன்.

யூலிங் என்ற சீனப் பிள்ளை எங்கள் மண்டபத்தில் மூன்று குளிர்காலம் பயிற்சி எடுத்தாள். தொழில்முறை விளையாட்டுக்காரி, அவளின் எண் இருபத்துநாலு கிலோ. ஏழு வயதில் விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தார்களாம். முதல் ஆறு மாதம் பந்தே கொடுக்கவில்லையாம், வெறுங்காற்றை அடிக்கத்தானாம். பிறகு மாகாண அணி, அதன்பின் ஊர் ஊராகச் சின்னப் போட்டிகள். ஸ்தெய்ன் என்ற நோர்வேக்காரர் அவளின் மாகாணத்தில் இரண்டு வருடம் பயிற்சியாளராக இருந்தவர். அவர் குடும்பத்துக்காக ஒஸ்லோவுக்குத் திரும்பியபோது, மாகாண விளையாட்டு அலுவலகத்தைக் கெஞ்சி அவளும் குளிர்காலங்களுக்கு இங்கே வந்தாள்.

உலகத்தில் நாலு பெரிய போட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது முதன்மைச் சுற்றில் ஒருநாள் இறங்கவேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது. அதற்கு முன்னால் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வெல்லவேண்டும். மூன்று வருடம் முயன்று, மூன்று முறையும் மூன்றாவது ஆட்டத்தில் தோற்றவள். வயது இருபத்தேழு. "இந்த வருசம் இல்லையெண்டால் முடிஞ்சுது" என்று கணக்கு வாத்தியார் மாதிரிச் சொல்லுவாள்.

பயிற்சி முடிய என் அறைக்கு வந்து, சூடாக்கியின் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் இருப்பாள். என்னை "ஷுஷு" என்று கூப்பிடுவாள். அவர்களின் பாஷையில் சித்தப்பா மாதிரி ஒரு உறவுமுறை. இரண்டு பேரும் கதைத்தது அரைகுறை நோர்வீஜிய மொழியில். என் மனைவி றீற்றாவின் கணவாய்க் கறியை ஒருநாள் சாப்பிடக் கொடுத்தேன். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள்.

"ஷுஷு, இது சாப்பாடில்லை. தண்டனை."

"அப்ப வேண்டாமோ?"

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."

பிறகு கிழமைக்கு ஒருநாள் அவளுக்கும் சேர்த்து வீட்டிலிருந்து சாப்பாடு போகும். றீற்றா டப்பா கட்டிக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்குக் கணவாய், எனக்கு மிஞ்சின சொதி. வீட்டுக்காரி ஆரெண்டு ஒருக்கால் எழுதித் தாங்கோ" என்பா. ஆனால் அடுத்த கிழமை இரண்டு துண்டு கூடத்தான் வைப்பா.

மூன்றாம் குளிர்காலம், மார்கழி நத்தார் கழிந்த பிறகு, அவளின் மட்டை ஒன்றைப் பூட்டும்போது கைப்பிடியைக் கவனித்தேன். அவள் பாக்ஹான்ட் என்கிற பின்கை அடியை இரண்டு கையாலும் அடிப்பவள். வலக்கை பிடிக்கும் கீழ்ப்பகுதி எப்போதும்போலக் கறுத்திருந்தது. இடக்கை பிடிக்கும் மேல்பகுதி வெள்ளையாக, புதுத் துணி மாதிரி இருந்தது. அடுத்த மட்டையும் அப்படித்தான். நரம்பில் பந்து பட்ட தேய்மானமும் நடுவை விட்டு நுனிப் பக்கம் போயிருந்தது. இடக்கையை அவள் அடி முடிய முன்னமே விட்டுவிடுகிறாள். அந்தக் கை நோகிறது.

அவள் வந்ததும் கைப்பிடியைக் காட்டினேன். முதலில் கதவைத்தான் பார்த்தாள்.

"ஷுஷு, ஸ்தெய்னுக்குச் சொல்ல வேண்டாம்."

"எங்கை நோகுது?"

"மணிக்கட்டு. சின்ன விரல் பக்கம். நான் டொக்டரிட்டை நாள் எடுத்திருக்கிறன். படம் பிடிச்சுப் பாக்க ஏழு கிழமை செல்லும்."

"அவருக்குச் சொன்னால் ஓய்வு தருவார்தானே பிள்ளை."

"அவர் மாதாமாதம் எங்கட அலுவலகத்துக்கு அறிக்கை எழுத வேணும். மணிக்கட்டு எண்டு எழுதினால் என்னைத் திருப்பிக் கூப்பிடுவினம். விளையாட்டுப் பள்ளியில சின்னப் பிள்ளையளுக்கு விசில் ஊத விடுவினம். பிறகு இஞ்சை வரேலாது."

"அப்ப இறுக்கத்தைக் குறைப்பம், கைக்கு அதிர்வு குறையும். இருபத்துநாலு உன்ர கைக்கு இப்ப கூடிப்போச்சு. இருபத்திரண்டு கட்டித் தாறன்."

"குறைஞ்சால் பந்து என்ர சொல் கேக்காது. ஸ்தெய்னும் பிளாஸ்டரைப் பாத்து ஏனெண்டு கேப்பார். இருபத்துநாலுதான்."

இவ்வளவும் நான் வாயால் சொன்னது. அத்தோடு நிற்பாட்டியிருக்கவேண்டும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் அவளின் கைக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். திங்கட்கிழமை அவளின் மட்டையை இருபத்து மூன்றரைக்குக் கட்டிவிட்டு, பிளாஸ்டரில் இருபத்துநாலு என்று எழுதினேன். அரைக் கிலோதானே என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை இருபத்து மூன்று. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக, பங்குனி பிறக்கும்போது இருபத்தொன்றில் வந்து நின்றேன். ஒரேயடியாக மூன்று கிலோ குறைத்திருந்தால் முதல் பந்திலேயே கண்டுபிடித்திருப்பாள். இது கை தெரியாமலே பழகிப்போனது. எழுதும் எண் மட்டும் மாறவில்லை.

ஒரு காலை கூன்வோர் வந்து, எத்தனையோ மட்டை தொங்க, யூலிங்கின் மட்டையை எடுத்தா. காதுக்குக் கிட்டப் பிடித்துத் தட்டினா. எண்ணைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. நான் நரம்புச் சுருளைக் குனிந்து தேடுவதுபோல நின்றேன். கத்தரிக்கோல் மேசையில் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவ மட்டையை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டுவிட்டுக் கோப்பியோடு போய்விட்டா. அவவுக்கும் சம்மதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யூலிங்குக்குக் கை சுகமாகிக்கொண்டு வந்தது. அவள் அப்படித்தான் நம்பினாள். கைப்பிடியின் மேல்பகுதி திரும்பக் கறுக்கத் தொடங்கியது. அடி நடுவில் விழுந்தது. மண்டபத்தில் அவள் அடிக்கும் சத்தம் என் அறைக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. ஒருநாள் ஓடிவந்து, பெட்டியில் இருக்காமல் நின்றபடியே சொன்னாள்.

"ஷுஷு, கையில நோவு இல்லை. ஒரு கிழமையா இல்லை. டொக்டரின்ர நாளை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். பாவம், அந்த இடம் வேறை ஆருக்கும் உதவட்டும்."

நான் இழுத்துக்கொண்டிருந்த நரம்பைக் கவ்வியில் பூட்டினேன். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. பிள்ளை, நோவு குறைந்தது நரம்பு தளர்ந்ததால், கை சுகமாகவில்லை, டொக்டரிடம் போ. இவ்வளவும் சொல்ல ஒரு நிமிடம் செல்லாது. நான் சொன்னது, "மாதாவுக்குத் தோத்திரம்" என்றுதான். அவளுக்கு விளங்கவில்லை, சிரித்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எவ்வளவோ யோசித்திருக்கிறேன். பொய் பிடிபட்டுவிடும் என்ற பயம் ஒன்று. அதைவிடக் கேவலமான ஒன்றும் இருந்தது. நான் கொளுத்திய மெழுகுதிரிக்கு மாதா இரங்கிவிட்டா என்று நானும் பாதி நம்பிவிட்டேன். நரம்பைத் தளர்த்தியது என் கை என்று தெரிந்துகொண்டே நம்பினேன். என் களவுக்கு மாதாவைக் கூட்டுச் சேர்த்தேன்.

வைகாசியில் தகுதிச் சுற்றுக்கு ஸ்தெய்னோடு போனாள். ஆறு மட்டை கட்டிக் கொடுத்தேன், ஆறிலும் இருபத்துநாலு என்று எழுதி. முதல் ஆட்டம் வென்றாள். இரண்டாவதும் வென்றாள். "இண்டைக்கு மூண்டாவது. கணவாயைக் குளிர்பெட்டியில வையுங்கோ" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள்.

மூன்றாவது ஆட்டத்தை என் வேலை அறையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், போனில் பார்த்தேன். படம் இல்லை, புள்ளிகள் மட்டும்தான் மாறும். முதல் செற் அவளுக்கு. இரண்டாவதில் நாலுக்கு இரண்டு என்று முன்னுக்கு நின்றாள். இன்னும் இரண்டு கேம். பிறகு இலக்கம் நெடுநேரம் மாறவில்லை. போன் பழுது என்று நினைத்து நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். அவளின் பெயருக்குப் பக்கத்தில், விலகினார் என்று எழுதியிருந்தது.

அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. கொண்டுபோன மட்டைகளின் நரம்பு இரண்டு ஆட்டத்தில் அறுந்திருக்கும். அங்கே இருக்கிற ஆளிடம் கட்டக் கொடுத்திருப்பாள். அவன் என்ன எண் என்று கேட்டிருப்பான். அவள் தன் எண்ணைச் சொல்லியிருப்பாள். அவன் நேர்மையான தொழிலாளி, சொன்னதைக் கட்டியிருப்பான். மூன்று மாதம் இருபத்தொன்றில் கிடந்து, சுகமானதாக நம்பிய கை, ஒரே நாளில் உண்மையான இருபத்துநாலில் முழுப் பலத்தோடு அடித்திருக்கிறது.

வீட்டுக்குப் போய் றீற்றாவிடம் சொன்னேன். அவ மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவ.

"நீங்கள் நல்லது நினைச்சுத்தானே செய்தனீங்கள்."

"ஓம்."

கொஞ்ச நேரம் வெட்டினா. பிறகு கத்தியை வைத்தா.

"அந்தப் பிள்ளையிட்டை ஒருக்காலும் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். வேண்டாம் எண்டவள்."

றீற்றா கத்தியைத் திரும்ப எடுத்தா. அன்றைக்குச் சமைத்ததை இருவரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சுவாமி பொறுமையாகக் கேட்டார். நரம்பு, கிலோ எல்லாம் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கடைசியில், "ஆண்டவர் மன்னிப்பார், அந்தோனி. ஆனால் களவெடுத்ததைத் திருப்பிக் குடுக்க வேணும். அந்தப் பிள்ளையிட்டை உண்மையைச் சொல்லும்" என்றார்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். இடக்கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. ஸ்தெய்ன் மட்டைப் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனார். அவள் பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தாள்.

"சவ்வு பழைய கிழிசலாம், ஷுஷு. அதுக்கு மேலை இப்ப முழுக்கக் கிழிஞ்சிட்டுது. முந்தியே படம் பிடிச்சிருந்தால் சின்ன வேலையாம். இனி வெட்டித் தைச்சாலும் இரண்டு கையால அடிக்கேலாதாம்."

நான் வாய் திறக்க முன்னமே அவள் தொடர்ந்தாள்.

"எனக்குச் சுகமாத்தான் இருந்தது. அங்கை கட்டினவன்தான் பிழை விட்டவன். மட்டை பலகை மாதிரி. நான் அவனில கத்தினனான். போட்டிக்காரருக்கு முறைப்பாடும் எழுதிக் குடுத்திருக்கிறன்."

அந்த மனிதனை எனக்குத் தெரியாது. அவனும் என்னைப்போல் எங்கேயோ ஒரு சின்ன அறையில் நாள் முழுக்க நின்று கட்டுகிறவனாக இருப்பான்.

"அவன் பிழை விடேல்லை, பிள்ளை. அவன் கட்டினதுதான் இருபத்துநாலு. நான் கட்டினது இருபத்தொண்டு."

அவள் விளங்காததுபோல என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொன்னேன். என் நோர்வீஜிய மொழி அன்றைக்கு இன்னும் உடைந்து வந்தது.  முடிந்த பிறகு அவள் வலக்கை விரல்களை மடித்து மடித்துக் கிழமைகளை எண்ணினாள்.

"நான் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சுகம் வந்திட்டுது எண்டு சொன்னனான். அம்மா அழுதவ."

நான் மேசையில் கிடந்த நரம்புத் துண்டுகளைக் கூட்டி எடுத்தேன்.

பிறகு போனை மடியில் வைத்து, ஒற்றைப் பெருவிரலால் எழுதத் தொடங்கினாள். "அந்த ஆளின்ர முறைப்பாட்டைத் திரும்ப எடுக்க வேணும். ஏனெண்டு கேப்பினம். உங்கட பேரை எழுதட்டோ?"

"எழுது."

"முழுப் பேர் என்ன?"

மூன்று வருடம் ஷுஷு என்று கூப்பிட்டவளுக்கு என் பெயர் தெரியாது. அந்தோனி என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதி அனுப்பினாள். எழுந்து பையைத் திறந்து உள்ளே தேடினாள். நான் கட்டியதில் அறாமல் மிஞ்சிய மட்டை ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து என் மேசையில் வைத்தாள். மேசை ஓரத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து அதன் மேல் வைத்தாள். மூன்று குளிர்காலமாகக் கூன்வோர் செய்வதைப் பார்த்தவள்தானே.

"நன்றி, அந்தோனி" என்றாள். பையை வலத்தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் அந்த நரம்பை வெட்டினேன். நடுவிலிருந்து வெளியே, முறைப்படி.

கூன்வோரிடமும் அன்றைக்கே சொன்னேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இருந்தா. "நான் தட்டிக் கேட்டனான். இருபத்தொண்டு எண்டு எனக்குத் தெரியும்" என்றா. "அவள் ஸ்தெய்னுக்குத் தெரியாமல் உன்னட்டைக் கேட்டிருக்கிறாள் எண்டு நினைச்சன். நீ அவளைக் கேளாமல் செய்வாய் எண்டு நினைக்கேல்லை." என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து, அவ ஓய்வுபெற்றுப் போகும்வரை, காலையில் ஒரு மட்டையைத் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, நான் கட்டிய ஒவ்வொரு மட்டையையும் தட்டிப் பார்த்தா. ஒன்றையும் தவறவிடவில்லை. அதில் ஒருநாளும் பிழை இருக்கவில்லை. இருந்தும் தட்டினா.

யூலிங் அந்த ஆனியிலேயே ஊர் திரும்பினாள். விளையாட்டுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள் என்று ஸ்தெய்ன் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இரண்டு நத்தாருக்கு வாழ்த்து அனுப்பினேன், பதில் இல்லை. பிறகு அனுப்புவதை விட்டுவிட்டேன். அது என் மனம் ஆறுவதற்காக அனுப்புவது என்று எனக்கே தெரிந்தது.

நூராவுக்கு இதைச் சொல்லவேண்டும் என்றுதான் போன மாதம் வாயெடுத்தேன். அவள் புது இயந்திரத்தில் ஒரு மட்டையைக் கட்டி முடித்தாள். எண் அச்சான துண்டு வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல இயந்திரம்" என்று சொல்லித் திரும்பக் கொடுத்தேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதியிருக்கிறேன். வாசிக்கிறவர்களில் ஆராவது நோர்வீஜிய மொழியில் நூராவுக்குச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை.

வீட்டில் பின்னேரம் செபமாலை சொல்லி முடித்த பிறகு நான் மேலதிகமாக ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுவேன். அது அவளின் இடக்கைக்கு. முதலில் றீற்றா, "இது ஆருக்கு?" என்று கேட்பா. இப்போது கேட்பதில்லை. நான் தொடங்கினால் அவவும் சேர்ந்து சொல்லுவா.